ஜினி கேட்ட குளிர் ஊறுகாய்

ரகு,

நேற்றுக் காலை தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவன், கீழ்த்தட்டில் நெருக்கியடித்து நிற்கும் கண்ணாடி ஜாடிகளைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ரிட்டயர் ஆனதும் ஊறுகாய் கம்பெனி ஆரம்பிச்சுட்டேளா?" என்று கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன். ஜினி அப்போது அடுப்படியில் குழந்தையின் பாட்டில்களைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அப்போதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் கனடாவுக்கு விமானம் ஏறுகிறீர்கள். அதற்குள் உன்னிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. நேரில் உட்கார்ந்து பேசினால் பாதியிலேயே நான் தடுமாறி, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை, குழந்தைக்குக் காதில் பஞ்சு வை என்று வேறு எதையாவது சொல்லி முடித்துவிடுவேன். என்னை உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். மலையாளத்தில் எழுதியிருந்தால் உனக்குச் சுலபம். ஆனால் கவலைப்படும்போது என் மனது தமிழில்தான் ஓடுகிறது. மெதுவாகவே வாசி.

நீ இங்கே இல்லாத மாதங்களில் போனில் நாங்கள் உன்னிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "ஒண்ணுமில்லடா, நன்னா இருக்கா." நீ அங்கே தனியாக இருந்தாய், லீவு கிடைக்கவில்லை, தெரிந்தும் உன்னால் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்தோம். சொன்னது பொய்யில்லை. ஆனால் அது முழுசும் இல்லை.

ஜினி நாலாம் மாத வயிற்றோடு கனடாவிலிருந்து இங்கே வந்து இறங்கியபோது அவளைப் பார்த்து உன் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். கல்யாணத்தில் பார்த்த பெண்ணா இவள் என்று ஆகிவிட்டது. கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எது உள்ளே போனாலும் வெளியே வந்தது. கஞ்சி, இளநீர், பழம், அவள் ஆசைப்படுவாள் என்று உன் அம்மா யாரிடமோ கேட்டுக் கேட்டுச் செய்த மரவள்ளிக் கப்பை, எல்லாம் அரை மணி நேரத்துக்குள் குளியலறைக்குப் போய்விடும். எர்ணாகுளத்தில் டாக்டரம்மா இரண்டு தடவை படுக்க வைத்து டிரிப் ஏற்றினார். "எது தங்குதோ அதைக் கொடுங்க அங்கிள். இப்ப சத்து பார்க்க வேண்டாம், வயித்துல நிக்கிறதைப் பாருங்க" என்றார். ஜினியின் அம்மா குவைத்தில் நர்ஸ். பிரசவத்துக்குத்தான் லீவு கிடைக்கும், அதற்கு முன்னால் வர வழியில்லை. தோப்பும்படியில் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. உன் அம்மா காலையில் பள்ளுருத்திக்கு பஸ் ஏறி பள்ளிக்கூடத்துக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். ஆக, பகல் முழுதும் வீட்டில் இரண்டே பேர். அதிகம் பேசிப் பழகாத ஒரு மாமனாரும், எழுந்து நிற்கவே பயப்படும் ஒரு பெண்ணும்.

நான் என்ன செய்வேன்? நடந்தேன். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவள் அறைக் கதவு சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். கேட்காவிட்டால் அதைவிடப் படபடக்கும். உன் அம்மா ஒரு நாள் பொறுக்கமுடியாமல் சொன்னாள்: "ஏன்னா, நீங்க இப்படி நடந்துண்டே இருந்தா அவளுக்குத் தலை சுத்தறது போறாதுன்னு எனக்கும் சுத்தறது. ஒரு இடத்தில ஒக்காருங்கோ."

உட்கார்ந்த அன்றுதான் ஜினி அறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். "அப்பா, ஒரு காரியம் சொன்னா சிரிக்கருது" என்றாள்.

"சிரிக்க மாட்டேன். சொல்லு மோளே."

"அவிட எங்க ஃப்ரிட்ஜில ஒரு அச்சார் உண்டாயிருந்தது. நம்மட அச்சார் போல அல்ல. எரிவில்லா, எண்ணெயில்லா. குட்டி வெள்ளரிக்கா, நல்ல புளி, நல்ல தணுப்பு. கடிச்சா கறுக்குனு சத்தம் கேக்கும். எனிக்கு இப்ப அது மாத்ரம் தின்னணும்."

காரமும் எண்ணெயும் இல்லாத, குளிர்ந்த வெள்ளரிக்காய் ஊறுகாய். நான் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. அவள் விவரம் சொன்னாள். நீ ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், இரண்டு பேருமாக ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜாடியிலிருந்து அப்படியே எடுத்துத் தின்பீர்களாம். கடைசித் துண்டுக்குச் சண்டை வருமாம். அதைச் சொல்லும்போதுதான், வந்த நாள் முதல் முதன்முறையாக, அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சாப்பாட்டுப் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள், தானாகவே ஒன்றை வேண்டும் என்கிறாள். அதைவிட எனக்கு என்ன வேண்டும்? அன்றைக்கே படகு பிடித்து எர்ணாகுளம் போய், பெரிய கடையில் வெளிநாட்டு பாட்டில் ஒன்றைத் தேடி வாங்கி வந்தேன். ஒரு கடி கடித்தாள். "மதுரம்" என்றாள். இனிப்பு. அடுத்த நொடி குளியலறைக்கு ஓடினாள்.

அதனால் வீட்டில் செய்வது என்று ஆயிற்று. நான் யார், எதில் வேலை பார்த்தவன் என்று நினைத்துப் பார். வேலை பார்த்த காலம் முழுக்க இந்த மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் சரக்குப் பரிசோதனை. மூட்டைக்குள் கையை விட்டால் ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ஈரம் இருந்தால் பூசணம், பூசணம் இருந்தால் சரக்கு திரும்பி வரும். ஈரம் என்றால் ஆபத்து என்றே பழகிய கை இது. ஊறுகாய் என்றால் வெயிலில் காய வேண்டும், உப்பில் சுண்ட வேண்டும், எண்ணெய் மேலே நிற்க வேண்டும். அப்படித்தான் நம் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஜினி போனைப் பார்த்துப் படித்த செய்முறையோ முழுக்க முழுக்க ஈரம். பச்சை வெள்ளரிக்காய், பாதி தண்ணீர், பாதி வினிகர், உப்பு. வெயில் இல்லை, எண்ணெய் இல்லை. இன்று போட்டால் நாளை மறுநாள் தின்னலாம். இதை ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கொடுப்பதா? குவைத்துக்கு வீடியோ கால் போட்டேன். சம்பந்தியம்மாள் டியூட்டி உடையிலேயே எடுத்தார்.

"வினிகரில வெள்ளம் பாதிக்கு மேல சேர்க்கருது சேட்டா. ஜாடி நல்லா திளப்பிக்கணும். ஃப்ரிட்ஜ் நல்ல தணுப்பா இருக்கணும், புறத்து வெக்கவே கூடாது. ரெண்டு ஆழ்ச்சைக்குள்ள தின்னு தீர்க்கணும். அது மதி, பேடிக்கண்டா" என்றார்.

தண்ணீர் பாதிக்கு மேல் வேண்டாம், ஜாடியைக் கொதிக்க வை, வெளியே வைக்காதே, இரண்டு வாரத்தில் முடித்துவிடு, பயப்படாதே. எல்லாம் சரி, கடைசி ஒன்றுதான் என்னால் முடியவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் வைக்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்தேன். காலையில் எழுந்ததும் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல அதைத்தான் பார்ப்பேன்.

வெள்ளரிக்காய் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. நம் சாம்பாருக்குப் போடும் மஞ்சள் வெள்ளரி இதற்கு ஆகாது. விரல் நீளப் பச்சைப் பிஞ்சு வேண்டும். மார்க்கெட்டில் தேனிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டிருக்கும் ஒருவர், "நாளைக்கு லோடு வருது சார், பொறுக்கி வைக்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி வைத்திருந்தார். இன்னொன்று சதகுப்பை. விதை நம் தெருக் கடைகளில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. நானே எத்தனை மூட்டை பார்த்திருப்பேன். ஆனால் இதற்கு இலை வேண்டும். பூப்போல, பிசிறு பிசிறாக இருக்கும் இலை. பின் தெருவில் இருக்கும் குஜராத்திக்காரம்மா ஹன்சாபென் தொட்டியில் வளர்க்கிறார் என்று உன் அம்மா சொல்லி, போய்க் கேட்டேன். கைநிறையப் பறித்துக் கொடுத்துவிட்டு, "எங்களில பிரசவம் கழிஞ்சவங்களுக்கு இதுதான் கொடுக்குறது" என்றார். கழிஞ்சவர்களுக்கு! அப்படியானால் முன்னால் கொடுக்கலாமா? வீட்டுக்குள் நுழையும் முன்பே, தெருமுனையில் நின்றபடி மறுபடியும் குவைத். சம்பந்தியம்மாள் சிரித்த சிரிப்பில் பின்னால் இருந்த நோயாளியே எட்டிப் பார்த்தார்.

பூண்டுதான் நான் பயந்த விஷயம். நம் வீட்டு அடுப்படிக்குள் பூண்டு வந்ததில்லை, உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த உன் அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பூண்டுதானே? அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சுண்டிருக்கேள்? உரிச்சுப் போடுங்கோ. குழந்தை சாப்பிடட்டும்" என்றாள். உரிக்கத் தெரியாமல் நான் விழிப்பதைப் பார்த்து ஜினிதான் வந்து, கத்தியின் பட்டையால் ஒரு தட்டுத் தட்டி, தோலைக் கழற்றிக் காட்டினாள். அவள் அந்த அடுப்படியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றது அன்றுதான்.

முதல் ஜாடி தோல்வி. கொதிக்கக் கொதிக்க வினிகர்த் தண்ணீரை ஊற்றினேன். வெள்ளரிக்காய் அவியல் துண்டுபோல் துவண்டுவிட்டது. இரண்டாவது தடவை, பூ இருந்த பக்கத்து நுனியை வெட்டி எறிந்து, ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து, மிளகாய் சேர்க்காமல் கொஞ்சம் மிளகும் கடுகும் மட்டும் போட்டு, வினிகர்த் தண்ணீரை நன்றாக ஆறவிட்டு ஊற்றினேன். ஒரு துண்டும் தலையை வெளியே நீட்டாமல் எல்லாம் முங்கியிருக்க வேண்டும். ஜாடியை மூடி உள்ளே வைத்தேன். அடுத்த நாளெல்லாம் திறந்து பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திறந்து திறந்து பார்த்தேன்.

அவள் சாப்பிட்ட மதியத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தயிர்சாதம் ஒரு கிண்ணத்தில் பிசைந்து வைத்தேன், தொடமாட்டாள் என்று தெரிந்தே. பக்கத்தில் ஊறுகாய்த் துண்டு இரண்டு. நான் பக்கத்தில் நின்றால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நடைக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றேன். கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம். இனி நாற்காலி பின்னால் தள்ளப்படும், குளியலறைக் கதவு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். ஒரு ஆட்டோ போயிற்று. குளியலறைக் கதவு அசையவில்லை. எட்டிப் பார்த்தால், கிண்ணம் காலி. அவள் மேஜையில் கையை வைத்து, அதில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரகு, நான் நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அதன்பின் தினமும் அதுதான். தயிர்சாதமும் ஊறுகாயும், இட்லியும் ஊறுகாயும், கடைசியில் மீன் இல்லாத நம் வீட்டில் அவளுக்காக உன் அம்மா வாங்கிவந்த முட்டையும் ஊறுகாயும். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. எனக்குப் பயம் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? கூடியது. முன்பு அவள் சாப்பிடவில்லை என்று பயம். இப்போது அவள் சாப்பிடுவதெல்லாம் என் கையால் செய்தது என்று பயம்.

ஜூன் மழையில் அது நடந்தது. காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்து, காலையிலேயே கரண்ட் போய்விட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். மதியம் ஆகியும் கரண்ட் வரவில்லை. தெர்மாமீட்டரில் முள் மேலே ஏறிக்கொண்டே போனது. நான் தண்ணீரில் இறங்கி நடந்து, மேட்டில் ஆட்டோ பிடித்து, தோப்பும்படி மீன்துறைக்குப் போய் மீனுக்குப் போடும் ஐஸ் ஒரு தெர்மோகோல் பெட்டி நிறைய வாங்கிவந்தேன். மீன் பெட்டிக்குள் ஊறுகாய் ஜாடிகளை இறக்கி வைத்தபோது உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே ஜாடிகளை எடுத்துக் கொடுத்தாள். எது எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்று சந்தேகம் வந்ததை எல்லாம் கொட்டினேன். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அதை வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டதோடு, ஜினி கேட்டபோது கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஜினிக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். தொட்டால் நெருப்பு. இடுப்பு வலிக்கிறது என்று சுருண்டுவிட்டாள். என் காதில் ஒரே வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தது: ஊறுகாய், ஊறுகாய். ஆட்டோக்காரர் தண்ணீருக்குள் வண்டியை இறக்க மாட்டேன் என்றார்; ஜினியைப் பார்த்ததும் இறக்கினார். பாலத்தில் வண்டி ஊர்ந்தது. ஜினி என் தோளில் சாய்ந்துகொண்டு, "குஞ்ஞு அனங்குனில்லா அப்பா" என்றாள். குழந்தை அசையவில்லை என்கிறாள். அந்தப் பாலத்தை நான் இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன். என் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஐஸ் பொட்டலத்தோடு அந்த ஜாடி. டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார், சொல்வதைவிடக் காட்டிவிடுவது நல்லது என்று எடுத்துவந்திருந்தேன்.

டாக்டரம்மா முதலில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுவதுபோல் ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் தரையில் பட்டது. ஜாடியை நீட்டினேன். அவர் திறந்து முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தப்புத் தெரியல அங்கிள். இவளுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. அதான் காய்ச்சல். ஊறுகாய் மேல பழி போடாதீங்க" என்றார். ஊசி போட்டு, சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். உன்னிடம் 'சாதாரணக் காய்ச்சல், சும்மா அட்மிட் பண்ணியிருக்கா' என்று சொன்னோமே, அது இதுதான். ஆனால் கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். கால் வீங்கியிருக்கிறது, பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இவ்வளவு உப்பு வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, உப்பைப் பாதியாகக் குறைத்து, வினிகரைக் குறைக்காமல், சதகுப்பையும் பூண்டும் கூட்டிப் போட்டேன். இது வினிகரிலும் குளிரிலும் நிற்கும் ஊறுகாய், உப்பு குறைந்தால் கெட்டுப்போகாது என்று சம்பந்தியம்மாள் சொல்லியிருந்தார். ஜினிக்குத் தெரியாது என்று நினைத்தேன். ஒரு கடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"உப்பு குறவாணு."

"ஆமா மோளே. டாக்டர் சொன்னா..."

"என்னோடு ஒண்ணு பறயாமாயிருந்நல்லோ!" என்று தட்டைத் தள்ளினாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறாள். "டாக்டர் தீருமானிக்குது, அம்மச்சி குவைத்துல இருந்து தீருமானிக்குது, அப்பா உப்பு தீருமானிக்குது. ரகு போன் செஞ்சா ஒரே சோத்யம். சாப்பிட்டியா, எந்தா சாப்பிட்டே, எத்தர சாப்பிட்டே. ஞான் ஒரு வயிறு மாத்ரமாணோ அப்பா?"

நான் ஒரு வயிறு மட்டும்தானா என்று கேட்டாள். அடுத்த ஜாடிக்கான வெள்ளரிக்காய் மேஜையில் இருந்தது. அவளிடம் கத்தியைக் கொடுத்து, "உப்பு எவ்வளவுன்னு இனிமே நீ சொல்லு. டாக்டர் சொன்னதுக்குள்ள நீயே முடிவு பண்ணு" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கிக்கொண்டே பேசினாள். அதுவரை எங்களுக்குள் 'வேணுமா', 'வேண்டா' என்பதற்கு மேல் பேச்சு இருந்ததில்லை. அன்று சாயங்காலம் உன் அம்மா வரும்வரை பேசினாள்.

அவளுக்குத் திரும்பிப் போகப் பயம், ரகு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உன்மேல் கோபம் இல்லை. நீ ராத்திரியெல்லாம் வேலை செய்து பகலில் தூங்குகிறாய், அது உன் குற்றமில்லை என்று அவளே சொன்னாள். நீ தூங்கும்போது சத்தம் வரக்கூடாது என்று அவள் அந்தச் சின்ன வீட்டில் குழாயைக்கூட மெதுவாகத் திறப்பாளாம். நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். ஒரு நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சாயங்காலம்தான் உறைக்குமாம். "இப்ப குஞ்ஞு வந்தா அது கரயும் அப்பா. குழாய் போல அதை மெல்லெத் திறக்க முடியுமா?" என்று கேட்டாள். குழந்தை அழுமே என்கிறாள். ரகுவிடம் சொன்னாயா என்றேன். சொல்லப் போகும்போதெல்லாம் நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறாயாம். சாப்பிட்டேன் என்று சொன்னதும் உனக்கு நிம்மதியாகிவிடுகிறதாம். அந்த நிம்மதியைக் கெடுக்க மனது வரவில்லையாம்.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, "யாரோட பிள்ளை? நீங்க கிடங்கிலேர்ந்து வந்ததும் என்னைக் கேக்கறதும் அதேதானே" என்றாள். அக்கறை என்று நினைத்துத்தான் கேட்கிறோம், நீயும் நானும். நமக்குப் பயம் வந்தால் சோற்றைப் பற்றிக் கேட்போம். பதில் ஒரு வார்த்தையில் வந்துவிடும், பயம் அடங்கிவிடும். எதிரில் இருப்பவருக்குச் சொல்ல இருந்தது அப்படியே நின்றுவிடும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். பிரஷர் ஏறி, நாளுக்கு முன்பே அறுத்து எடுத்தார்கள். குழந்தை அப்பளம்போல் லேசாக இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். சம்பந்தியம்மாள் வந்து இறங்கியதும் நான் முதல் தடவையாக முழுதாகத் தூங்கினேன். இன்று குட்டி கையைக் காலை உதைத்துக்கொண்டு, யார் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கலாம் என்று பார்க்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. நீங்கள் போகிறீர்கள் என்று பயம். போகாமல் இருந்தால் அதற்கும் பயப்படுவேன். என் பயத்தை நீ பொருட்படுத்த வேண்டாம். அவள் பயத்தைப் பொருட்படுத்து.

பகல் ஷிஃப்டுக்கு மாற முடியுமா என்று கேட்டுப் பார். முடியாவிட்டால், அந்த ஊரில் குழந்தைக்காரிகள் கூடும் இடம் ஏதாவது இருக்குமே, அவளை முதல் தடவை நீயே கூட்டிக்கொண்டு போய் விடு. குழந்தை அழுதால் அழட்டும், நீ தூக்கம் கெட்டு எழுந்தால் எழுந்திரு, ஒன்றும் ஆகிவிடாது. அவளுக்கு இன்னும் கொஞ்ச மாதம் இங்கே இருக்க வேண்டும் என்றால் டிக்கெட்டை மாற்றலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் முடிவு அவள் சொல்லட்டும். ஊறுகாயை நீ அங்கே போட்டுக் கொடுப்பாய் என்றால், நுனியை வெட்ட மறக்காதே, வினிகர்த் தண்ணீரை ஆறவிடு, இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதே. உப்பு எவ்வளவு என்று அவளைக் கேள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இது அவள் சொன்ன விஷயம், அவளுக்குத் தெரியாமல் உன் கையில் கொடுக்கக் கூடாது என்று தோன்றிற்று. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் இன்று காலை நீ குளிக்கப் போயிருந்தபோது அடுப்படியில் வைத்து வாசித்துக் காட்டினேன். குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். பாலத்தில் வண்டி ஊர்ந்த இடத்தில் கண்ணைத் துடைத்தாள். நீ சாப்பாட்டை மட்டுமே கேட்கிறாய் என்று எழுதிய இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது சரியல்ல அப்பா. ஒரு தடவை வேற கேட்டிட்டுண்டு."

"என்ன கேட்டான்?"

"ஆசுபத்திரியில இருந்நப்ப. ஜன்னல்ல இருந்து எந்தா காணுந்நேன்னு கேட்டான். காயலும் ஒரு போட்டும் காணுந்நுன்னு சொன்னேன். போட்ல ஆரா இருக்கேன்னு கேட்டான். ஒரு வயசான அம்மச்சியும் ஒரு ஆட்டுக்குட்டியும்னேன். பின்ன அர மணிக்கூர் ஞங்கள் அந்த ஆட்டுக்குட்டியைப் பத்தித்தான் பேசினோம்." அவள் சிரித்தாள். "அதும் எழுதணும் அப்பா. அது எழுதாம இத கொடுக்கருது."

எழுதிவிட்டேன். இப்போது அவள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நீ இதை முடித்ததும் மேலே போ, ரகு. இன்றைக்கு ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேள்.

அப்பா